மனைவியோட கால் புண்ணும் நாங்க அலைஞ்ச அலைச்சலும்

சுகர் இருக்குறவங்களுக்கு கால்ல புண்ணுன்னு சொன்னா சொந்தக்காரங்க, பக்கத்து வீடு, ஆபீஸ்னு எல்லாரும் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், "ஆறிடுச்சா?" எங்க வீட்லயும் அதேதான். என் மனைவிக்கு வலது கால்ல, கட்டைவிரலுக்கு கீழ, நடக்கும்போது உடம்பு வெயிட் பூரா இறங்குதே அந்த மேட்டுல புண்ணு. வரும், டிரெஸ்ஸிங் பண்ணுவோம், ஆன்டிபயாடிக் குடுப்பாங்க, ஆறும், எல்லாருக்கும் போன் போட்டு ஆறிடுச்சுன்னு சொல்லுவோம், கொஞ்ச மாசத்துல அதே எடத்துல கொஞ்சம்கூட தள்ளாம திரும்ப வரும். ஆறிடுச்சான்னு கேட்டவங்க நெறைய பேரு. ஏன் அதே எடத்துலயே வருதுன்னு கேட்டவங்க ரொம்ப நாளைக்கு யாருமே இல்ல. அந்தக் கேள்விய கேட்ட ஒரு டாக்டரம்மா கெடைச்ச அப்புறம்தான் எங்களுக்கு வழி தெரிஞ்சுது, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுத உக்காந்துருக்கேன். நாங்க இருக்குறது கொளத்தூர்ல. எங்க தெருவுல வீட்டுக்கு ஒருத்தராவது சுகர் மாத்திரை போடுறாங்க. 2023-ல வந்த ஐசிஎம்ஆர் (மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு) ஆய்வுல நாட்டுல 10 கோடி பேருக்கு மேல சர்க்கரை நோய்னு கணக்கு சொல்லிருந்தாங்க, அந்த 10 கோடி பேருக்கும் ரெண்டு ரெண்டு காலு இருக்கே, அதை யாரு பாக்குறாங்க.

அவ எய்டட் ஸ்கூல்ல டீச்சர். நாள் பூரா நின்னுக்கிட்டே பாடம் எடுக்குற வேலை. சுகர் வந்து பல வருஷம் ஆச்சு, நடுவுல ஏறும் இறங்கும். மொதல்ல வந்தது ராத்திரி எரிச்சல். ஃபேனுக்கு நேரா காலை நீட்டி ஈரத்துண்டை சுத்திக்கிட்டு படுப்பா, போர்வை பட்டா கூட தாங்க முடியலங்கன்னு சொல்லுவா. அப்புறம் பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்குன்னா. ஒரு நாள் பெரம்பூர் மார்க்கெட்ல ஒத்த செருப்பு கழண்டு விழுந்தது தெரியாமயே நடந்துக்கிட்டு இருந்தா, பின்னாடி வந்த ஒரு பையன் "ஆன்ட்டி செருப்பு"ன்னு எடுத்துட்டு ஓடி வந்து குடுத்தான். அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எரிச்சல் நின்னு போச்சு. ராத்திரி நல்லா தூங்க ஆரம்பிச்சா. இத படிக்கிற யாருக்காவது வீட்ல இப்படி நடந்திருந்தா, சுகர் கண்ட்ரோல்ல இல்லாம, மாத்திரையும் இல்லாம எரிச்சல் தானா நின்னு போச்சுன்னா, தயவுசெஞ்சு கால் உணர்ச்சி டெஸ்ட் ஒண்ணு எடுத்துருங்க. நரம்பு கெட்டுக்கிட்டு இருக்கும்போது எரியும், குத்தும். சுத்தமா செத்துப் போனா அதுகூட இருக்காது. ரெண்டுக்கும் வித்தியாசம் வெளிய இருந்து பாத்தா தெரியாது.

நாங்க பாத்த டாக்டருங்க லிஸ்ட் பெருசு. தெரு முனை கிளினிக் டாக்டர், அப்புறம் ஸ்கின் டாக்டர் (மொதல்ல அது வெறும் கால் ஆணின்னு நெனச்சு அனுப்புனாங்க), சுகர் டாக்டர், நியூராலஜி டாக்டர். அவங்கவங்க அவங்கவங்க வேலைய பாத்தாங்க, அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. சுகர் டாக்டர் ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) பாத்து டோஸ் மாத்துனாரு, நியூராலஜி டாக்டர் நரம்பு டெஸ்ட் எடுத்து நியூரோபதின்னு, அதாவது நரம்பு பாதிப்புன்னு எழுதி பிரீகாபலின்னு நரம்பு வலி மாத்திரை குடுத்தாரு, புண்ணை டிரெஸ்ஸிங் ரூம் சிஸ்டர் பாத்தாங்க. ஆனா அவ என்ன செருப்பு போட்டு வந்துருக்கான்னு யாரும் குனிஞ்சு பாக்கல. கடைசியா ஒரு பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரி, பேரு வேணாம், அங்க சர்ஜன் ஒரு நிமிஷம் பாத்துட்டு "கட்டைவிரலை எடுத்துடலாம், இல்லன்னா மேல ஏறிடும், நாளைக்கே அட்மிட் ஆகுங்க"ன்னாரு. கால்ல ரத்த ஓட்டம் எப்படி இருக்குன்னு கை வச்சு நாடி கூட பாக்கல. எலும்பு வரைக்கும் போயிருக்கான்னும் சொல்லல. அவ லிஃப்ட்ல இறங்கும்போது ஒரு வார்த்தை பேசல, வெளிய வந்து ஆட்டோவுல உக்காந்ததும் என் கையைப் புடிச்சுக்கிட்டு "ஏங்க, ஒருதடவ வேற யாராவது பாக்கட்டுமே"ன்னா. நான் அன்னைக்கு ராத்திரியே தெரிஞ்சவங்க எல்லாருக்கும் போன் போட்டேன்.

சென்னைல இருந்துக்கிட்டு இதுக்கு வழி இல்லாம இருக்காது. இந்தியாவுல சர்க்கரை வைத்தியம்னாலே சொல்ற புரொஃபசர் எம். விஸ்வநாதன் நம்ம வடசென்னை ஸ்டான்லில வேலை பாத்தவர், ராயபுரத்துல சர்க்கரைக்குன்னே தனி ஆஸ்பத்திரி 1954-லயே ஆரம்பிச்சவர். அப்படி ஊரு இது. சர்க்கரை நோயாளிங்க பாதத்துக்குன்னே தனி கிளினிக் இருக்குன்னு என்னோட பழைய ஆபீஸ் நண்பர் ஒருத்தர் சொல்லி, டோக்கன் போட்டு போனோம். அங்க இருந்த டாக்டரம்மா மொதல்ல புண்ணை பாக்கல. செருப்பைத்தான் கையில எடுத்தாங்க. திருப்பி அடிப்பக்கம் பாத்தாங்க, உள்ள விரலை விட்டு தடவிப் பாத்தாங்க. வலது செருப்புல கட்டைவிரல் மேட்டுக்கு நேரா குழி விழுந்து தேஞ்சு இருந்துச்சு. அப்புறம்தான் அந்தக் கேள்வி, "டீச்சர், ஒவ்வொரு தடவையும் இங்கேயேதான் வருதா?"

அதுக்கப்புறம் அவளை படுக்க வச்சு கண்ணை மூடிக்கச் சொன்னாங்க. கையில ஒரு சின்ன கைப்பிடி, அதுல ஒரு மெல்லிசான நைலான் இழை, மோனோஃபிலமென்ட்னு பேரு. அதை தோல்ல வச்சு லேசா வளையுற வரைக்கும் அழுத்துனா சரியா 10 கிராம் அழுத்தம் வரும். தொடும்போதெல்லாம் "ஆமா"ன்னு சொல்லுங்கன்னாங்க. நான் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன். கட்டைவிரல் நுனி, வளையுது, அவ அமைதியா இருக்கா. விரலுக்கு கீழ, வளையுது, அமைதி. நடுப்பாதம், அமைதி. அந்தக் காலை முடிச்சுட்டு அடுத்த காலுக்கு போயிட்டாங்க, அப்ப அவ கண்ணை மூடிக்கிட்டே கேக்குறா, "டாக்டர், இன்னும் ஆரம்பிக்கலையா?"

டாக்டரம்மா என்னைப் பாத்தாங்க. எனக்கு தொண்டை அடைச்சுக்கிச்சு. அத்தனை வருஷம் சேந்து வாழ்ந்து, அவ காலுல அவ இல்லன்னு அன்னைக்குத்தான் நேர்ல பாக்குறேன்.

அப்புறம் 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க்கை அடிச்சு கட்டைவிரல் எலும்புல வச்சாங்க, அதிர்வு தெரியல. பயோதீசியோமீட்டர்னு ஒரு மெஷின், அதுல வோல்ட் ஏத்திக்கிட்டே போவாங்க, எப்ப அதிர்வு தெரியுதோ அங்க நிறுத்துவாங்க. 25-க்கு மேல போனாலே புண்ணு வர்ற ஆபத்து அதிகம்னு கணக்கு. அவளுக்கு 25 எப்பவோ தாண்டிருச்சு. கையளவு டாப்ளர் வச்சு கால்ல ரத்தம் ஓடுற சத்தத்தை எங்களுக்கும் கேக்க வச்சாங்க, கைலயும் கால்லயும் பிரஷர் எடுத்து வகுத்து ஏபிஐ பாத்தாங்க. 0.9-க்கு கீழ வந்தா ரத்தக்குழாய் அடைப்பு இருக்கலாம், 1.3-க்கு மேல போனா நல்லதுன்னு நெனச்சுடாதீங்க, குழாய் சுண்ணாம்பு படிஞ்சு கெட்டியானாலும் அப்படி காட்டும்னு சொன்னாங்க. அவளுக்கு ரத்த ஓட்டம் நல்லாவே இருந்துச்சு. புண்ணுக்குள்ள மொட்டையான ஒரு கம்பிய விட்டு எலும்பு தட்டுதான்னு பாத்தாங்க, தட்டல. எக்ஸ்ரேலயும் எலும்பு சுத்தமா இருந்துச்சு. அதாவது விரலை எடுக்க வேண்டிய அவசியமே அன்னைக்கு இல்ல. இதெல்லாம் ஒரே காலைல முடிஞ்ச டெஸ்ட்.

கடைசியா ஒரு தட்டு மேல நடக்கச் சொன்னாங்க, கம்ப்யூட்டர்ல பாதம் கலர் கலரா வந்துச்சு. பாதம் பூரா நீலம் பச்சை, கட்டைவிரல் மேட்டுல மட்டும் செக்கச்செவேல்னு ஒரு புள்ளி. புண்ணு இருக்குற அதே எடம். டாக்டரம்மா ஸ்கிரீன்ல விரலை வச்சு அவளுக்குத்தான் சொன்னாங்க, எனக்கு இல்ல. நரம்பு கெடும்போது மூணு வேலை கெடுதாம். உணர்ச்சி நரம்பு கெட்டா வலி தெரியாது. தசைக்கு போற நரம்பு கெட்டா பாதத்துல இருக்குற சின்ன சின்ன தசை வத்தி விரல் மடங்கும், எலும்பு கீழ துருத்தும், எடை ஒரே எடத்துல குவியும். வேர்வைக்கு போற நரம்பு கெட்டா தோல் காஞ்சு வெடிக்கும். எடை குவியுற எடத்துல தோல் தன்னைக் காப்பாத்திக்க காய்ப்பு போடும், அந்தக் காய்ப்பு கெட்டியாகி அதுவே உள்ள அழுத்தும், உள்ளுக்குள்ள ரத்தம் கட்டும், வலி தெரியாததால அது மேலயே நடப்போம், ஒரு நாள் உடையும். நம்ம கண்ணுக்கு அன்னைக்குத்தான் புண்ணு. சொல்லிக்கிட்டே சின்ன பிளேடால காய்ப்பை சீவுனாங்க, மரத்துப் போன காலுக்கு ஊசி கூட போடல, அவ பேசிக்கிட்டே இருந்தா. மேல் தோல் போகப் போக உள்ள கருஞ்சிவப்பா ரத்தம் கட்டி இருந்தது தெரிஞ்சுது. புண்ணு வெளிய தெரிஞ்சதை விட பெருசு.

இதுக்கு வைத்தியம் மருந்து இல்ல, அந்த எடத்துல எடை விழாம பாத்துக்குறதுதான்னு சொல்லிட்டாங்க. ஆஃப்லோடிங்னு சொல்லுவாங்க. முட்டிக்கு கீழ வரைக்கும் காலோட ஒட்டி ஒரு கட்டு, டோட்டல் கான்டாக்ட் காஸ்ட். அது எடைய பாதம் பூராவும், கொஞ்சம் கெண்டைக்கால் பக்கமும் பிரிச்சு விட்டுடும். கழட்ட முடியாத கட்டா இருக்குறதுதான் நல்லதாம், கழட்டுற மாதிரி குடுத்தா வீட்டுக்குள்ள நாலு அடிதானேன்னு கழட்டி வச்சுட்டு நடந்துடுவோம். வாரா வாரம் வந்து மாத்திக்கணும், ஆறு வாரத்துல இருந்து எட்டு வாரம் கிட்ட ஆகலாம்னாங்க.

கட்டோட வாழுறது லேசு இல்ல, இத யாரும் முன்னாடியே சொல்லல, அதனால நான் சொல்றேன். எங்க வீடு மாடியில. ஒரு படிக்கு ஒரு படி உக்காந்து உக்காந்துதான் ஏறுவா. குளிக்க பிளாஸ்டிக் சேர், கட்டு மேல பாலிதீன் கவர் போட்டு மேல டேப் ஒட்டி, அந்தக் காலை இன்னொரு ஸ்டூல் மேல தூக்கி வச்சுக்கணும். கட்டு போட்ட கால் உயரமா இருக்கும், அதனால அடுத்த காலுக்கும் அதே உயரத்துக்கு தடியா செருப்பு போடணும், இல்லன்னா இடுப்பு போயிடும். நாங்க பண்ணது கார்த்திகை மாசம், மழைக்காலம், எங்க ஏரியாவுல மழை பேஞ்சா தெருவுல தண்ணி நிக்கும்னு சென்னைக்காரங்களுக்கு சொல்லவே வேணாம். கட்டு நனைஞ்சா உள்ள தோல் ஊறிடும். அவ ஸ்கூலுக்கு மெடிக்கல் லீவு போட்டுட்டா, வெளிய போறதே கட்டு மாத்த மட்டும்தான். சமையல் நான் பாத்துக்கிட்டேன், அவ சேர்ல உக்காந்து காய் நறுக்கித் தருவா. காய்ச்சலோ, கட்டுக்குள்ள நாத்தமோ, திடீர்னு வீக்கமோ வந்தா வாரம் வரைக்கும் காத்திருக்காம உடனே வரணும்னு சொல்லிருந்தாங்க, அதனால ராத்திரி ராத்திரி கட்டு ஓரத்துல மோந்து பாப்பேன். எங்களுக்கு அப்படி எதுவும் வரல. ஒவ்வொரு வாரமும் கட்டைப் பிரிக்கும்போது புண்ணு சின்னதாகிக்கிட்டே வந்துச்சு, கடைசியா ஒரு நாள் இளஞ்சிவப்பா புதுத் தோல். அவ அதை போன்ல போட்டோ எடுத்து பெரிசாக்கிப் பாத்துட்டே இருந்தா.

இங்கதான் முக்கியமான விஷயம். அன்னைக்கு நான் இனிப்பு வாங்கிட்டு போலாமான்னு யோசிக்கிறேன், டாக்டரம்மா சொல்றாங்க, ஆறுன புண்ணு ஒரு வருஷத்துக்குள்ள நூத்துல 40 பேருக்கு திரும்ப வருது, அஞ்சு வருஷம்னு எடுத்துக்கிட்டா 65 பேருக்கு கிட்ட வருதுன்னு. இது உலகம் பூரா பல ஆய்வுகளை சேத்துப் பாத்து சொன்ன கணக்கு. நரம்பு அப்படியேதான் இருக்கு, எலும்பு அப்படியேதான் துருத்திக்கிட்டு இருக்கு, கட்டுதான் போயிடுச்சு, அப்ப கட்டு பண்ண வேலைய இனிமே செருப்பு பண்ணணும்.

அந்தச் செருப்பு எம்சிஆர் செருப்பு. உள்ள மைக்ரோசெல்லுலார் ரப்பர், அழுத்துனா உள்ள போய் திரும்ப எழும்பும், கீழ கெட்டியான சோல், பின்னாடி பட்டை, வெல்க்ரோ. ஆணி ஒண்ணுகூட அடிக்க மாட்டாங்க, பூரா பசைதான், ஏன்னா ஒரு ஆணி தேஞ்சு உள்ள வந்தா இவங்களுக்கு தெரியாது. செருப்பு செய்யுற அண்ணன் பேப்பர் மேல அவளை நிக்க வச்சு பேனாவால பாதத்தை சுத்தி வரைஞ்சாரு, புண்ணு இருந்த எடத்துல ஒரு குறி போட்டாரு, அந்த எடத்துல உள் ரப்பரை குடைஞ்சு எடுத்துட்டு அதுக்குப் பின்னாடி ஒரு மேடு வச்சு ஒட்டுனாரு. கையால ஒரு தடவை உள்ள தடவிட்டுத்தான் அவ காலுல மாட்டி விட்டாரு.

இந்த செருப்பு நம்ம ஊர் சமாச்சாரம்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. கொல்லிமலைல 1914-ல பொறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல வேலூர் சிஎம்சிக்கு வந்து தொழுநோயாளிங்களோட வேலை செஞ்சவர். நோய் வந்து விரலைத் தின்னுடுதுன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருந்தப்ப, இல்ல, உணர்ச்சி போன கையும் காலும் அடிபட்டு அடிபட்டுத்தான் அழியுதுன்னு எடுத்துக் காட்டுனவர். வேலூர், கரிகிரி பக்கம் அந்த ஜனங்களுக்காக உருவான இந்த ரப்பர் செருப்புதான் இன்னைக்கு சர்க்கரைக்காரங்க காலைக் காப்பாத்துது. ஆனா தொழுநோயாளிங்களுக்காக வந்த செருப்புங்குற காரணத்தாலயே நெறைய பேரு அதைப் போட மாட்டேங்குறாங்க, பாக்குறவங்க என்ன நெனைப்பாங்களோன்னு. என் மனைவியும் மொத நாள் ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தங்க ஒரு மாதிரி பாத்தாங்கன்னு வந்து அழுதா. எனக்கு அதுல ரொம்ப வருத்தம். அந்த நோயும் குணமாகுற நோய், அந்த ஜனங்க பட்ட கஷ்டத்துல கண்டுபுடிச்ச ஒண்ணு நம்ம காலை காப்பாத்துதுன்னா அதுக்கு கையெடுத்துதான் கும்பிடணும். இப்ப ஷூ மாதிரி மூடுன மாடல்லாம் செய்யுறாங்க, அவ நேவி புளூல ஒண்ணு கேட்டு வாங்கிக்கிட்டா.

வீட்டுக்குள்ள செருப்பு போடுறதுதான் அதை விட பெரிய போராட்டம். நம்ம வீடுகள்ல நடக்குற காரியமா அது. சமையல்கட்டுல செருப்பா, பூஜை ரூம் பக்கம் செருப்பா. ஆனா அவ ஒரு நாள்ல நடக்குற நடைல பாதி வீட்டுக்குள்ளதான். வெளிய போற செருப்பு வேற, வீட்டுக்குள்ள மட்டும் போடுறதுக்கு ஒரு ஜோடி வேறன்னு தனியா செஞ்சோம், அது வாசலைத் தாண்டாது. எங்கம்மாவுக்கு இது ஒப்பவே இல்ல. அதோட மெட்டி வேற. ரெண்டாவது விரல்ல மெட்டி போட்ட எடத்துல தோல் உள்ள வாங்கி ஓரத்துல வெளுத்துப் போய் ஈரமா இருந்துச்சு, டாக்டரம்மா கழட்டச் சொல்லிட்டாங்க. விரல் மடங்கி வீங்கி இருந்ததால சோப்பு போட்டும் வரல, கட் பண்ணித்தான் எடுத்தாங்க. அம்மா கிட்ட எப்படி சொல்றதுன்னு அவ பயந்துக்கிட்டு இருந்தா. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்த விரலை மடியில வச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க, மெட்டி இருந்த எடத்துல பள்ளம். "வேணாம்டி, கழட்டுனதே நல்லது, சாமி கிட்ட வச்சுடு"ன்னாங்க. இப்ப அது சாமி மாடத்துல குங்குமச் சிமிழ் பக்கத்துல இருக்கு. அதுக்கப்புறம் வீட்டுச் செருப்பு பத்தியும் அம்மா ஒண்ணும் சொல்றதில்ல.

கோயிலுக்கு போகாம இருக்க மாட்டா. பன்னெண்டு மணி வெயில்ல கபாலி கோயில் பிரகாரத்துக் கல்லு எப்படி சுடும்னு தெரியும்ல, நம்ம துள்ளிக்கிட்டு ஓடுவோம், உணர்ச்சி இல்லாத காலு பொறுமையா நடக்கும், வீட்டுக்கு வந்து பாத்தா அடிப்பாதம் பூரா கொப்புளம். இவ இப்ப சாயங்காலம் வெயில் தாழ்ந்த அப்புறம் தடிமனான வெள்ளை சாக்ஸ் போட்டுக்கிட்டு போறா, யாரும் இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லல. வெள்ளை எதுக்குன்னா, ரத்தமோ நீரோ கசிஞ்சா உடனே கறை தெரியும்.

அப்புறம் சில விஷயத்தை கொஞ்சம் கோவத்தோடதான் சொல்லப் போறேன். பிளாட்ஃபார்ம்ல விக்குற முள்ளு முள்ளா இருக்குற அக்குபிரஷர் செருப்பு, நரம்புக்கு நல்லதுன்னு சொல்லி மரத்துப் போன காலுக்கு வாங்கிக் குடுக்காதீங்க. பார்க்ல எட்டு போட்டு நடக்குறதுக்கு கூழாங்கல்லு பதிச்ச பாதை இருக்கே, அதுல வெறுங்காலோட இவங்களை நடக்க விடாதீங்க. உணர்ச்சி இருக்குறவங்களுக்கு அது சரியா இருக்கலாம், இவங்களுக்கு இல்ல. சுடுதண்ணில உப்பு போட்டு காலை ஊற வைக்குறது அதை விட மோசம், சூடு தெரியாது, வெந்துடும். கால் ஆணிக்கு மெடிக்கல் ஷாப்ல தர்ற கார்ன் கேப்ல ஆசிட் இருக்கு, அது நல்ல தோலையும் சேத்து அரிச்சுடும். அப்புறம் யூடியூப்ல செத்த நரம்பை மறுபடி வளர வைக்கும்னு விக்குற தைலம். எங்க டாக்டரம்மா தெளிவா சொன்னாங்க, பிரீகாபலினோ டூலாக்செட்டினோ எரிச்சலையும் வலியையும் குறைக்கும், போன உணர்ச்சியை கொண்டு வராது, சுகரை கட்டுக்குள்ள வச்சா மேல மேல கெடாம தடுக்கலாம். ஒண்ணு மட்டும் செக் பண்ணச் சொன்னாங்க, பி12 வைட்டமின். மெட்ஃபார்மின்ங்குற சுகர் மாத்திரைய ரொம்ப வருஷமா சாப்புடுறவங்களுக்கு அது குறையும், அதுவும் நரம்பைக் கெடுக்கும், அது குறைஞ்சிருந்தா சரி பண்ணக்கூடிய விஷயம். இவளுக்கு குறைவாதான் இருந்துச்சு, ஊசி போட்டாங்க.

தினமும் ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் அவ கால் என் மடியில. டியூப்லைட்டு வெளிச்சத்துல விரல் இடுக்கு ஒவ்வொண்ணா விரிச்சுப் பாப்பேன், ஈரம் இருந்தா துணியால ஒத்தி எடுப்பேன், தேங்காண்ணெய் பாதத்துக்கும் குதிகாலுக்கும் தடவுவேன், விரல் இடுக்குல தடவ மாட்டேன், ஊறிடும். நான் ஊர்ல இல்லன்னா அவளே போன் கேமராவ கீழ வச்சு வீடியோ எடுத்து அனுப்புவா. கொரோனா டைம்ல வாங்குன துப்பாக்கி மாதிரி தெர்மாமீட்டர் சும்மா கெடந்துச்சு, அதை இப்ப காலுக்கு வச்சுருக்கோம் (பாடி மோடுல வைக்காம சர்ஃபேஸ் மோடுல வைக்கணும்). ரெண்டு கால்லயும் அதே எடத்துல பாத்து, ஒண்ணை விட இன்னொண்ணு 2.2 டிகிரி செல்சியசுக்கு மேல சூடா ரெண்டு நாள் தொடர்ந்து இருந்தா, உள்ள ஏதோ புண்ணாகிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், நடையைக் குறைச்சுட்டு டாக்டரைப் பாக்கணும். வலி செய்ய வேண்டிய வேலைய அந்த தெர்மாமீட்டர் செய்யுது. போன கோடைல ஒருதடவ அப்படி காட்டுச்சு, கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல, போய் காய்ப்பை சீவிப் பாத்தா உள்ள ரத்தம் கட்ட ஆரம்பிச்சிருந்துச்சு. உடையுறதுக்கு முன்னாடி புடிச்சிட்டோம்.

இன்னொண்ணும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. மரத்துப் போன காலு திடீர்னு ஒரு பக்கம் மட்டும் சிவந்து வீங்கி சூடா இருந்து, புண்ணு எதுவும் இல்லன்னா, சுளுக்குன்னோ யூரிக் ஆசிட்னோ நெனச்சு நடந்துக்கிட்டே இருக்காதீங்க. சார்கோ ஃபுட்டா இருக்கலாம். ஷார்கோன்னு பிரெஞ்சு டாக்டர் 1868-லயே எழுதி வச்சது. உள்ள எலும்பும் மூட்டும் நொறுங்கிக்கிட்டு இருக்கும், வலி கம்மியா இருக்கும், ஆரம்பத்துல எக்ஸ்ரேல கூட தெரியாம போகலாம், எம்ஆர்ஐ தேவைப்படும். காலைக் கீழ ஊன விடாம கட்டு போட்டா பாதம் வடிவம் கெடாம காப்பாத்தலாம், விட்டா வளைஞ்சு போய்டும்.

செலவு பத்தி கேக்குறவங்களுக்கு. எல்லாரும் பிரைவேட்டுக்கு போகணும்னு இல்ல. சென்ட்ரலுக்கு எதுத்தாப்புல இருக்குற ஜிஹெச்ல, ஸ்டான்லில எல்லாம் சர்க்கரைக்கு தனி பிரிவு இருக்கு. கவர்மென்ட்ல பாதம் பாதுகாப்போம்னு திட்டமே இருக்கு, உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் காலுக்கு உணர்ச்சி டெஸ்ட் எடுக்கணும்னு வாய் விட்டு கேளுங்க. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம்ல வீட்டுக்கே சுகர் மாத்திரை கொண்டு வந்து குடுக்குறவங்க கிட்டயும் கேக்கலாம். எந்த டாக்டர் கிட்ட போனாலும் செருப்பையும் சாக்ஸையும் கழட்டிட்டு காலை நீட்டிக்கிட்டே உக்காருங்க, அவங்க கேக்குறதுக்காக காத்திருக்க வேணாம். விரலை எடுக்கணும்னு யாராவது சொன்னா, ரத்த ஓட்டம் எப்படி இருக்கு, எலும்புல போயிருக்கா, எடையைக் குறைச்சு பாத்தாச்சா, இந்த மூணையும் கேளுங்க. சில பேருக்கு நெசமாவே எடுத்துதான் ஆகணும், சீழ் வேகமா ஏறுனா அன்னைக்கு தாமதிக்கவே கூடாது. ஆனா கேட்டுட்டு எடுங்க.

இப்ப எப்படி இருக்கான்னா, புண்ணு இல்ல. திரும்ப ஸ்கூலுக்கு போறா, ஹெட்மாஸ்டர் கிட்ட பேசி கிளாஸ்ல ஒரு உயர ஸ்டூல் போட வச்சாச்சு, பாதி நேரம் உக்காந்துதான் பாடம் எடுக்குறா. காய்ப்பு சீவ மாசா மாசம் போறோம். எம்சிஆர் ரப்பர் போகப் போக அமுங்கி எழும்பாம போயிடும், அதனால புது செருப்புக்கு அளவு குடுக்கணும், அடுத்த வாரம் அதுக்குத்தான் போறோம். இடது கால்ல மூணாவது விரல் மடங்கிக்கிட்டு நுனில காய்ப்பு போட ஆரம்பிச்சிருக்கு. ஊசி முனையால அந்த விரலோட தசைநாரை லேசா வெட்டி விட்டா நிமிந்துடும், அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம்னு டாக்டரம்மா சொல்லிருக்காங்க. அவ சரின்னுட்டா, எனக்குத்தான் கொஞ்சம் பயமா இருக்கு. யாராவது வீட்ல இத பண்ணிருந்தா எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க.